பதவுரையிலிருந்து பொழிப்புரைக்கு: அயல்மொழியில் சரளமாக வாசிக்கப் பழகுவது எப்படி?

ஜெர்மன் மொழியின் தொடக்கப் பாடங்களை முடித்த கையோடு ஒரு நாவலை வாங்கினேன். பென்சிலைக் கூராகச் சீவிக்கொண்டு உட்கார்ந்து, தெரியாத ஒவ்வொரு சொல்லின் தலைமீதும் தமிழில் பொருள் எழுதினேன். முதல் பக்கம் முடிய ஒன்றரை மணி நேரம் ஆனது. தாள் முழுவதும் எறும்பு மொய்த்ததுபோல் பென்சில் எழுத்துகள். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் சொல்ல முடிந்தது. அந்தப் பக்கத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் விழித்திருப்பேன். பதினோராம் பக்கத்தோடு நாவல் அலமாரிக்குப் போய்விட்டது.

நம் உரையாசிரியர்கள் பதவுரை, பொழிப்புரை என்று இரண்டைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சொல் சொல்லாகப் பொருள் கூறுவது முன்னது. திரண்ட கருத்தைக் கூறுவது பின்னது. நான் அந்த ஒன்றரை மணி நேரமும் பதவுரைதான் எழுதிக்கொண்டிருந்தேன். அயல்மொழி கற்பவர்களில் பலர் அங்கேயே ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். உழைப்பில் குறை வைப்பவர்கள் அல்ல அவர்கள். தூக்க முடியாத எடையைத் தூக்கப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். எளிய நூல்களை மலைபோல் வாசிப்பது, கடினமானதைக் கையளவு எடுத்து முறையாக அலசுவது: இந்த இரண்டையும் கலக்காமல் செய்வதே இந்த வழிகாட்டியின் சாரம். தொடக்கநிலைப் பாடநூல் ஒன்றை முடித்திருக்கிறீர்கள் என்ற நிலையிலிருந்து தொடங்குகிறேன்.

முதல் படி: எழுத்துக்கூட்டுவதைக் கடந்துவிடுங்கள்

கற்கும் மொழியின் வரிவடிவம் உங்களுக்குப் புதிது என்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முன் இது. கவனம் முழுவதும் எழுத்தை அடையாளம் காண்பதிலேயே செலவானால், பொருளுக்குச் செலவிட எதுவும் மிச்சமிருக்காது.

பலர் செய்யும் தவறு, தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதி வைத்துக்கொண்டு அதையே படிப்பது. முதல் வாரத்துக்கு அது ஊன்றுகோல். அதற்குமேல் போனால் காலே நடக்க மறுக்கும். தவிரவும், தமிழில் 'க' என்ற ஒரே எழுத்து இடத்துக்கேற்ப வெவ்வேறாக ஒலிக்கும். பிற மொழிகள் பலவற்றில் அந்த ஒலிகள் தனித்தனி எழுத்துகள், தனித்தனிச் சொற்கள். தமிழில் எழுதி வைத்தால் அந்த வேறுபாடு காணாமல் போகும்.

எவ்வளவு காலம் ஆகும் என்பது மொழியைப் பொறுத்தது. கொரிய எழுத்துமுறை 1446இல் எளிய மக்களுக்காகவே அறிவிக்கப்பட்டது; அடிப்படை எழுத்துகள் 24தான், சில நாட்களில் கைக்கு வந்துவிடும். ரஷ்ய மொழிக்கு 33 எழுத்துகள். அங்கே சிக்கல் எண்ணிக்கையில் இல்லை, ஆங்கிலப் பழக்கத்தில் இருக்கிறது: ஆங்கில 'எச்' போலத் தோன்றும் எழுத்து அங்கே 'ன' ஒலி, 'சி' போலத் தோன்றுவது 'ஸ' ஒலி. கண் தெரிந்ததாக நினைத்து ஏமாறும். அரபியில் குறில் உயிர்கள் பெரும்பாலும் எழுதப்படுவதே இல்லை என்பதால், சொல்லை அறிந்திருந்தால்தான் அதைச் சரியாக ஒலிக்கவே முடியும். ஜப்பானிய மொழியில் 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பொதுப் பயன்பாட்டுக்குரிய சித்திர எழுத்துகளே 2,136. அவை எல்லாம் முடிந்தபின் வாசிக்கலாம் என்று காத்திருந்தால் வாசிக்கும் நாள் வரவே வராது; அவற்றின் அருகே உச்சரிப்புக் குறிப்பு அச்சிட்ட நூல்களிலிருந்து தொடங்குங்கள்.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. அரைப் பக்கத்தை வாய்விட்டு வாசியுங்கள். நீங்கள் தடுமாறும் இடங்கள் எழுத்திலா, சொல்லிலா என்று கவனியுங்கள். எழுத்தில் தடுமாறினால் இன்னும் இரண்டு வாரம் கையால் எழுதிப் பழகுங்கள். வடிவம் ஒத்த எழுத்துகளைப் பிரித்தறிய, எழுதிப் பார்ப்பதைவிட விரைவான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டாம் படி: நூலைத் தேர்ந்தெடுப்பது

வாசிப்பில் நீங்கள் எடுக்கும் முடிவுகளிலேயே பெரியது இதுதான். ஆகவே இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

துணையில்லாமல் ஒரு நூலைப் புரிந்துகொள்ள, அதிலுள்ள சொற்களில் எத்தனை விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும்? நியூசிலாந்தைச் சேர்ந்த சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் சேர்ந்து செய்து 2000இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ 98 விழுக்காடு என்று காட்டியது. முதலில் கேட்டபோது நான் நம்பவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தபின் தலையாட்டினேன். ஒரு பக்கத்தில் 250 சொற்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 98 விழுக்காடு தெரிந்தால் பக்கத்துக்கு ஐந்து சொற்கள் தெரியாது. 95 என்றால் பன்னிரண்டு, பதின்மூன்று. 90 என்றால் இருபத்தைந்து. 80 என்றால் ஐம்பது, அதாவது ஐந்து சொல்லுக்கு ஒன்று. 80 விழுக்காடு என்பது தேர்வில் நல்ல மதிப்பெண். வாசிப்பில் அது நடுக்காட்டில் விளக்கணைந்த நிலை. ஏனென்றால் தெரிந்த அந்த எண்பதில் பெரும்பகுதி 'அது', 'ஆனால்', 'இருந்தது' போன்ற சொற்கள். கதையைச் சுமக்கும் சொற்கள் தெரியாத இருபதில் இருக்கும்.

ஆங்கில நாவலோ நாளிதழோ அந்த 98 விழுக்காட்டை எட்ட எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் வேண்டும் என்று 2006இல் நேஷன் கணக்கிட்டார். ஒரு சொல்லும் அதன் திரிந்த வடிவங்களும் சேர்ந்தது ஒரு சொற்குடும்பம். தொடக்கநிலைப் பாடநூல் தருவது ஓராயிரமோ ஒன்றரை ஆயிரமோ. நடுவிலுள்ள இந்தப் பள்ளத்தில்தான் பலர் விழுகிறார்கள்.

பள்ளத்துக்குப் பாலம் படிநிலை நூல்கள். குறிப்பிட்ட அளவு சொற்களுக்குள் நின்று எழுதப்பட்ட அல்லது சுருக்கப்பட்ட கதைகள். 1920களில் வங்காளத்தில் ஆங்கிலம் கற்பித்த மைக்கேல் வெஸ்ட், மாணவர் நூல்களில் புதுச் சொற்கள் மிக நெருக்கமாக வந்து மூச்சுத் திணறவைப்பதைக் கவனித்து, அவற்றைத் தளர்த்தி நூல்களைத் திருத்தி எழுதினார். இன்றைய படிநிலை நூல்களுக்கு அதுவே முன்னோடிகளில் ஒன்று. பல ஐரோப்பிய மொழி நூல்களின் அட்டையில் ஏ1 (தொடக்கநிலை) முதல் சி2 (மிக உயர்ந்த நிலை) வரை ஆறு நிலைகளில் ஒன்று போட்டிருக்கும். வகுப்பில் நீங்கள் இருக்கும் நிலைக்கு ஒரு படி கீழேயுள்ளதை எடுங்கள். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். தோன்றட்டும்.

நூலை வாங்குமுன் பக்கச் சோதனை செய்யுங்கள். நடுவிலிருந்து ஒரு பக்கத்தைத் திறந்து, தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்குங்கள். ஒரு கை முடிவதற்குள் பக்கம் முடிந்தால், அது நிறைய வாசிப்பதற்கான நூல். இரண்டு கையும் தாண்டினால், ஊன்றிப் படிக்கும் நேரத்துக்கு மட்டும். நான்கு கை வேண்டுமென்றால் திருப்பி வைத்துவிடுங்கள், அட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும்.

குழந்தை நூல்கள் எளியவை என்ற நம்பிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. அவை அந்த மொழியை வீட்டில் பேசி வளரும் குழந்தைக்கு எளியவை. ஒலிக்குறிப்புச் சொற்கள், எதுகை விளையாட்டு, பழங்கால நடை எல்லாம் அங்கேதான் குவிந்திருக்கும். பிரெஞ்சில் எழுத்தில் மட்டும் வாழும் ஓர் இறந்தகால வடிவம் உண்டு. பேச்சுக்கு உதவாது என்று வகுப்பில் அதைத் தள்ளிப்போடுவார்கள். தேவதைக் கதையைத் திறந்தால் முதல் வரியிலேயே அது நிற்கும்.

குழந்தை நூலைவிட நல்ல தேர்வுகள் இருக்கின்றன. தமிழில் ஏற்கெனவே படித்த கதையின் அம்மொழிப் பெயர்ப்பு அவற்றில் ஒன்று: அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பது பாதி அகராதிக்குச் சமம். உங்கள் தொழில் அல்லது பொழுதுபோக்கு பற்றிய கட்டுரையும் அப்படியே. சதுரங்கம் ஆடுபவருக்குச் சதுரங்கக் கட்டுரை ஒருபோதும் முற்றிலும் அயலாக இருக்காது. ஒரே எழுத்தாளரின் இரண்டாம் நூலும் முதல் நூலைவிட எளிதாக இருக்கும், ஏனெனில் ஒவ்வோர் எழுத்தாளருக்கும் பிடித்த சொற்கள் என்று சில உண்டு, அவை மீண்டும் மீண்டும் வரும். செய்தி படிக்க விரும்பினால் நாளுக்கொரு செய்தி என்று தாவாமல், ஒரே நிகழ்வை ஒரு வாரம் தொடருங்கள். முதல் நாள் புதிதாக இருந்த சொற்கள் நான்காம் நாள் பழகிய முகங்களாகிவிடும். தலைப்புச் செய்தி புரியவில்லையே என்று வருந்தாதீர்கள். பல மொழிகளில் தலைப்புகள் இலக்கணத்தைக் கத்தரித்துவிட்டு எழுதப்படுகின்றன. உள்ளே இருக்கும் பத்தி அதைவிட எளிது.

மூன்றாம் படி: நிறைய வாசிக்கும் நேரம்

வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு இருபது நிமிடம். எளிய நூல். அகராதி இன்னொரு அறையில்.

தெரியாத சொல் வந்தால் என்ன செய்வது? கடந்து போங்கள். அதே சொல் மூன்றாம் முறை வந்தால், அல்லது அது தெரியாமல் கதையே நின்றுவிட்டால், சிறு புள்ளி வைத்துவிட்டுத் தொடருங்கள். இருபது நிமிடம் முடிந்தபின் புள்ளி வைத்தவற்றைப் பாருங்கள். கைப்பேசியில் சொல்லைத் தொட்டால் பொருள் தரும் வசதி இங்கே பெரிய தொல்லை. விரல் தானாகப் போகும். தொடாமல் ஒரு பத்தியை முடித்தபின்தான் தொடுவது என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்புச் செயலியில் பத்தியை மொத்தமாகப் போட்டுத் தமிழில் படிப்பதோ, கதையைத் தெரிந்துகொள்ளும் வழி. மொழியைக் கற்கும் வழி ஆகாது.

ஊகிப்பது எப்போது உதவும், எப்போது உதவாது என்பதைத் தமிழிலேயே காட்டுகிறேன். இதில் வரும் புதுச்சொல் நான் இட்டுக்கட்டியது:

"மழை விட்டதும் அவன் கிமிழையை மடக்கி வாசலோரம் சாய்த்து வைத்தான். அதிலிருந்து சொட்டிய நீர் தரையில் கோடாக ஓடியது."

கிமிழை என்றால் குடை. யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மடக்குவது, சாய்ப்பது, நீர் சொட்டுவது எல்லாம் அதைச் சுட்டுகின்றன. இப்போது இதைப் பாருங்கள்:

"அவளுடைய நுமிறலைக் கண்டு எல்லோரும் வியந்தார்கள்."

அழகா, அறிவா, துணிச்சலா, நடனமா? எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் தெரியாது. வினையும் சூழலும் வழிகாட்டினால் ஊகியுங்கள். காட்டாவிட்டால் விட்டுவிடுங்கள் அல்லது புள்ளி வையுங்கள். 'சூழலை வைத்து ஊகியுங்கள்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். சுற்றியுள்ள சொற்கள் தெரிந்தால்தானே சூழல் என்ற ஒன்று இருக்கும்!

இப்படி எளியதை நிறைய வாசிப்பதால் உண்மையில் பயன் உண்டா? 1980களின் தொடக்கத்தில் பிஜித் தீவுகளின் கிராமப்புறப் பள்ளிகளில் வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் என்ற இருவர் செய்த சோதனை புகழ்பெற்றது. ஆங்கிலம் கற்கும் மாணவர்களின் வகுப்பறைகளைக் கதைப் புத்தகங்களால் நிரப்பினார்கள். ஓராண்டு முடிவில், அந்த மாணவர்களின் வாசிப்பு வழக்கமான பாடமுறையில் படித்தவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் வளர்ந்திருந்தது. இரண்டாம் ஆண்டில் பயன் எழுத்துக்கும் பரவியது.

உங்கள் கணக்கையும் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு நூறு சொல் வேகத்தில் இருபது நிமிடம் என்றால் இரண்டாயிரம் சொற்கள். வாரம் ஐந்து நாள் என்றால் மூன்று மாதத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். என் ஜெர்மன் நாவலின் பதினொரு பக்கத்தில் மூவாயிரம்கூட இருந்திராது.

நான்காம் படி: ஊன்றிப் படிக்கும் நேரம்

வாரத்துக்கு இரண்டு நாள் போதும். உங்கள் நிலைக்குக் கொஞ்சம் மேலான, அரைப் பக்கத்துக்கு மிகாத ஒரு பகுதி. அதை மூன்று முறை படிக்கப் போகிறீர்கள்.

முதல் முறை நிறுத்தாமல் படியுங்கள். யார், எங்கே, என்ன என்ற அளவுக்குப் பிடித்தால் போதும். தலைப்பு, படம், எண்கள், பெயர்கள் எல்லாம் இங்கே துணை. முடித்ததும் ஒரே வரியில் ஊகத்தை எழுதுங்கள்: 'யாரோ வீட்டை விற்கிறார்கள், தம்பிக்குப் பிடிக்கவில்லை.' தவறாக இருந்தாலும் எழுதுங்கள். தவறு என்று பிறகு தெரியும்போது, எந்தச் சொல் ஏமாற்றியது என்பதும் தெரியும்.

இரண்டாம் முறைதான் பதவுரை. இங்கே அகராதி திறக்கலாம். ஆனால் எட்டுச் சொற்களுக்கு மேல் வேண்டாம். எட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயமே, எந்தச் சொல் முக்கியம் என்று யோசிக்கவைக்கும். பெயரடைகளை முதலில் கழித்துவிடுங்கள். வினைகளையும் இணைப்புச் சொற்களையும் விடாதீர்கள்.

இணைப்புச் சொற்களைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். 'ஆயினும்', 'ஒழிய', 'வரையில்', 'ஏனெனில்', 'மாறாக' என்ற பொருளுடைய சொற்கள் எந்த மொழியிலும் ஒரு நாற்பது இருக்கும். 'பணம் கட்டினாலொழிய' என்பதைப் 'பணம் கட்டினால்' என்று படித்துவிட்டால் மற்ற சொற்கள் எல்லாம் தெரிந்தும் பொருள் தலைகீழாகிவிடும். இந்த நாற்பதை மட்டும் பட்டியலாக மனப்பாடம் செய்யச் சொல்வேன். மற்ற சொற்களுக்குப் பட்டியல் மனப்பாடத்தை நான் சிபாரிசு செய்வதில்லை.

மூன்றாம் முறை, குறிப்புகளை மூடிவிட்டு மறுபடி ஓட்டமாகப் படியுங்கள். பிறகு பக்கத்தையும் மூடிவிட்டு, மூன்று வரியில் தமிழில் பொழிப்புரை சொல்லுங்கள். சில மாதங்களுக்குப் பிறகு அதே மூன்று வரியைக் கற்கும் மொழியிலேயே சொல்லப் பாருங்கள். மூன்றாம் வாசிப்பைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கடினமாக இருந்த பகுதி எளிதாக ஓடும் அனுபவம் அதில்தான் கிடைக்கிறது.

ஐந்தாம் படி: வாக்கியத்தோடு மல்லுக்கட்டாமல் இருக்க

எல்லாச் சொல்லும் தெரிந்தும் வாக்கியம் புரியாமல் போவது உண்டு. பெரும்பாலும் காரணம் சொல்வரிசை.

தமிழில் விளக்கம் முன்னே வரும், விளக்கப்படுவது பின்னே வரும்: 'நேற்று வாங்கிய புத்தகம்'. ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யம் போன்றவற்றில் பொதுவாகப் புத்தகம் முதலில் வந்துவிடும், எந்தப் புத்தகம் என்பது பிறகு. அதனால் நாம் வாக்கியக் கடைசிக்கு ஓடி, அங்கிருந்து பின்னோக்கி வந்து தமிழ் வாக்கியமாகக் கோத்துக்கொள்கிறோம். பழைய செய்யுளுக்குக் கொண்டுகூட்டிப் பொருள் கொள்வதுபோல. செய்யுளுக்கு அது சரி; நாவலுக்கு அப்படிச் செய்தால் கண் ஒவ்வொரு வரியையும் இருமுறை உழும். வந்த வரிசையிலேயே துண்டு துண்டாக வாங்கிக்கொள்ளுங்கள்: 'புத்தகம்... எது?... நேற்று வாங்கியது... அது... தொலைந்துவிட்டது.' மனத்துக்குள் இது கரடுமுரடான தமிழாக ஒலிக்கும். மூன்று நான்கு வாரத்தில் அந்தத் தமிழ் தானாக உதிரத் தொடங்கும்.

ஜப்பானியமோ கொரியமோ கற்பவருக்கு இங்கே எதிர்பாராத பரிசு காத்திருக்கிறது. ஜப்பானிய மொழியில் 'கினோ கத்தா ஹோன்' என்றால் 'நேற்று வாங்கிய புத்தகம்', சொல்லுக்குச் சொல் நம் வரிசையே. ஐரோப்பிய மொழி பேசுபவர்கள் திணறும் நீண்ட பெயரெச்சத் தொடர்களில் தமிழ் வாசகர் இயல்பாக நடப்பார். ஆங்கிலம் வழியாக அம்மொழிகளைக் கற்பவர்கள்கூட, வாக்கிய அமைப்பைத் தமிழோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஜெர்மனில் வினையே இரண்டாக உடைந்து, ஒரு துண்டு வாக்கியத்தின் கோடிக்குப் போய்விடும். 'இஷ் ரூஃப டிஷ் மோர்கன் ஆன்' என்பதில் கடைசியில் நிற்கும் 'ஆன்' என்ற சிறு சொல்லைக் கவனிக்காமல் அகராதியைப் பார்த்தால் 'கூப்பிடுகிறேன், கத்துகிறேன்' என்று கிடைக்கும். அதைச் சேர்த்து 'ஆன்ரூஃபன்' என்று பார்த்தால்தான் 'நாளை உனக்குத் தொலைபேசியில் அழைக்கிறேன்' என்று வரும். எந்த மொழியானாலும் முதலில் வினையை முழுதாகக் கண்டுபிடியுங்கள். பிறகு அதைச் செய்தவர் யார் என்று. நீண்ட வாக்கியத்தின் மற்ற உறுப்புகள் இந்த இரண்டில் தொங்கும்.

நீளமான சொல்லைக் கண்டும் மிரள வேண்டாம். சொற்களைப் பிரித்துப் படிப்பது நமக்குப் பழகிய வேலை. 'மழைக்காலக்கூட்டத்தொடர்' என்று சேர்த்து எழுதினாலும் நாம் மூச்சு வாங்குவதில்லை. ஜெர்மன் கூட்டுச்சொல்லிலும் தலைமைச் சொல் கடைசியில்தான் நிற்கும்: 'ஹாண்ட்' கை, 'ஷூ' காலணி, 'ஹாண்ட்ஷூ' கையுறை. கைக்குக் காலணி போடும் அந்தக் கற்பனையை ஒருமுறை ரசித்துவிட்டால் மறக்காது. அரபியில் வேறு உத்தி: மூன்று மெய்கள் சொல்லின் வேராக நிற்கும். க், த், ப் என்ற மூன்றும் எழுத்து தொடர்பானவை. கிதாப் புத்தகம், காதிப் எழுதுபவர், மக்தபா நூலகம். பல அரபு அகராதிகள் வேர்வரிசையில் அமைந்திருப்பதால், வேரைப் பிரிக்கத் தெரியாமல் சொல்லைத் தேடவே முடியாது. சீனம், தாய் போன்ற மொழிகளில் சொற்களுக்கு இடையே இடைவெளியே இல்லை. அங்கே எங்கே வெட்டுவது என்பதே வாசிப்பின் பாதி.

முகம் ஒன்றாக இருந்து பொருள் வேறாக இருக்கும் சொற்களிடம் விழிப்பாக இருங்கள். ஜெர்மனில் 'கிஃப்ட்' என்பது ஆங்கிலப் பரிசு போலத் தோன்றும் நஞ்சு. மலையாளத்தில் 'வெள்ளம்' சாதாரணத் தண்ணீர். நெருங்கிய மொழிகளில்தான் இந்த ஏமாற்று அதிகம், ஏனெனில் அங்கே நாம் அகராதியைத் தேடுவதே இல்லை.

ஆறாம் படி: வேகம்

வேகத்தைப் பற்றிப் பேசினாலே 'அவசரம் எதற்கு' என்பார்கள். விஷயம் அவசரத்தைப் பற்றியதல்ல, நினைவைப் பற்றியது. நிமிடத்துக்கு நாற்பது சொல் என்ற வேகத்தில் இருபது சொல் வாக்கியத்தை முடிக்க அரை நிமிடம் ஆகும். முற்றுப்புள்ளிக்கு வரும்போது எழுவாய் மறந்திருக்கும். மெதுவாகப் படித்தால் நன்றாகப் புரியும் என்பது ஓர் எல்லை வரைதான் உண்மை. அதற்குக் கீழே போனால் மெதுவாகப் படிப்பதே புரியாமல் போகக் காரணமாகிறது.

எளிய பகுதி ஒன்றை, சுமார் 300 சொற்கள், எடுத்துக்கொள்ளுங்கள். நேரம் பார்த்து வாசியுங்கள். மறுநாள் அதையே, அதற்கு மறுநாள் மீண்டும் அதையே. சொற்களை நிமிடத்தால் வகுத்துக் குறித்து வையுங்கள். மூன்றாம் நாள் எண் கூடியிருக்கும்; சில வாரங்களில் புதுப் பகுதியின் முதல் வாசிப்பிலும் அது தெரியத் தொடங்கும். பொழிப்புரை சொல்ல முடியாத அளவுக்கு வேகம் போனால் குறையுங்கள்.

இன்னொன்று, ஒலிநூலோடு சேர்ந்து வாசிப்பது. ஒலி உங்களைத் திரும்பிப் பார்க்க விடாமல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். எங்கே மூச்சு விடுகிறார்கள், எந்தச் சொற்களைச் சேர்த்துச் சொல்கிறார்கள் என்பது காதில் விழும்போது கண்ணும் சொல் சொல்லாகப் பார்ப்பதை விட்டுத் தொடர் தொடராகப் பார்க்கப் பழகும். பிரெஞ்சு போல எழுத்துக்கும் ஒலிக்கும் தூரம் அதிகமான மொழிகளில் இதைத் தவிர்க்கவே கூடாது.

ஏழாம் படி: சொற்களைச் சேமிப்பது

இதில் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் பலர் வாசிப்பதை விட்டுச் சொற்பட்டியலை அழகுபடுத்துவதில் மூழ்கிவிடுகிறார்கள். நாளுக்கு ஐந்து முதல் எட்டுச் சொற்கள். ஒவ்வொன்றையும் அது வந்த வாக்கியத்தோடு எழுதுங்கள், தனியாக வேண்டாம். கற்றது முதல் சில நாட்களிலேயே வேகமாகக் கரைந்துபோகிறது என்பதை 1885இலேயே ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதனைக்கு உட்படுத்திக் காட்டினார். ஆகவே மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், மூன்று வாரம் என்று இடைவெளி விட்டுத் திரும்பிப் பாருங்கள். சிறு அட்டைகளில் எழுதிப் பெட்டியில் அடுக்கியும் செய்யலாம், செயலியிலும் செய்யலாம். மூன்று வாரத்துக்குப் பிறகும் ஒட்டாத சொல்லைக் கிழித்துப் போடுங்கள். தேவையானதென்றால் அது வாசிப்பில் மீண்டும் வந்து கதவைத் தட்டும்.

முதல் நாவல்

ஏழெட்டுப் படிநிலை நூல்களை முடித்தபின் அசல் நாவலுக்குப் போகலாம். முதல் இருபது பக்கம் மிகக் கடினமாக இருக்கும். எழுத்தாளர் களத்தை வரைகிறார், ஆட்களை அறிமுகப்படுத்துகிறார், அவருடைய சொற்கள் எல்லாம் அங்கேதான் முதன்முதலாக வருகின்றன. நாற்பதாம் பக்கம் முதல் பக்கத்தைவிட எளிது. எனவே இருபது பக்கம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள், அந்த இருபதை வேண்டுமானால் இரண்டு முறை படியுங்கள். அதற்குப் பிறகும் இழுத்தால் மனச்சாட்சி உறுத்தாமல் மூடிவிட்டு வேறொன்றை எடுங்கள்.

ஆட்களின் பெயர்களை ஒரு துண்டுத் தாளில் எழுதி அதையே பக்க அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். ரஷ்ய நாவலில் இது உயிர்காக்கும். அங்கே ஒரே ஆள் அலெக்ஸாந்தராகவும், தந்தை பெயர் சேர்ந்தும், திடீரென்று ஸாஷாவாகவும் வருவார். மூன்று பேர் என்று எண்ணி நான் ஒரு முழு அத்தியாயத்தை வாசித்ததுண்டு.

தேர்வுக்காகப் படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: கேள்வியை முதலில் படிப்பது, எண்களையும் பெயர்களையும் கண்ணால் துழாவுவது போன்ற உத்திகளைக் கடைசி ஒன்றரை மாதத்தில் பழகினால் போதும். அதற்கு முன்பே தொடங்கினால் வாசிப்பு வளராமல் உத்தி மட்டும் வளரும்.

மாதம் ஒருமுறை, முன்பு பாதியில் விட்ட ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். அதைவிட நேர்மையான அளவுகோல் இல்லை. இரண்டு ஆண்டு கழித்து நானும் அந்த ஜெர்மன் நாவலை அலமாரியிலிருந்து எடுத்தேன். முதல் பக்கம் நான்கு நிமிடத்தில் முடிந்தது. பென்சில் எழுத்துகள்தான் இடைஞ்சலாக இருந்தன. அவற்றில் ஆறு தவறு. அழிப்பானைத் தேடி எடுத்து, பதினோராம் பக்கம் வரை அழித்துவிட்டு, பன்னிரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன்.